வின்கோ பேசிக்கொண்டே இருக்கிறார்

1

இந்தக் கதை ஒரு படத்திலிருந்து வந்தது. என் வாக்கிடாக்கியோடு வந்த கையேட்டின் கடைசிப் பக்கத்தில், குரல் எப்படி அலையாகிறது என்பதைக் கட்டங்களாக வரைந்திருந்தார்கள். கட்டங்களுக்குள் ஆள் யாரும் இல்லை. ஓர் ஆளைப் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. லிகா மலையில் எங்கள் வேட்டைச் சங்கத்தின் தலைவர் வின்கோவைத் தவிர வேறு யார் பொருத்தம்?

முதல் தொடக்கம்: "பனிமூட்டம் விலகாத நவம்பர் காலையில், காட்டுப்பன்றிகளின் தடம்..." (வேண்டாம். பனிமூட்டத்தில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.)

இரண்டாவது: "பொத்தானை அழுத்தியதும் முதலில் நடப்பது, காது அறுபடுவது."

இது இருக்கட்டும்.

2

வாக்கிடாக்கிக்கு ஆன்டெனா ஒன்றுதான். பேசவும் அதுவே, கேட்கவும் அதுவே. பேசும்போது கிளம்பும் சக்தி கேட்கும் பாகத்துக்குள் புகுந்தால் அது பொசுங்கிவிடும். அதனால் பொத்தான் அழுந்திய கணமே ஒரு சுவிட்ச் கேட்கும் பாகத்தை ஆன்டெனாவிலிருந்து பிரித்துவிடுகிறது. பிறகு மைக் குரலைச் சிறிய மின்நடுக்கமாக்குகிறது. உள்ளே ஒரு சுற்று ஒரே சீராக அதிர்ந்துகொண்டிருக்கிறது. குரல் அந்த அதிர்வைக் கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும். அவ்வளவுதான் பேச்சு. அந்த அதிர்வை டிரான்சிஸ்டர்கள் படிப்படியாகப் பெருக்குகின்றன. வேண்டாத அதிர்வுகளை ஒரு வடிகட்டி நிறுத்திவிட, மிச்சம் ஆன்டெனா வழியாகக் காட்டுக்குள் போகிறது.

கடைசி டிரான்சிஸ்டரிடம்தான் பாரம் அதிகம். அதற்குப் போகும் மின்சாரத்தில் கணிசமான பங்கு அலையாகாமல் வெறும் சூடாகிவிடும். (அந்தச் சூடு எனக்கு வேண்டும். அது இல்லாவிட்டால் கதை இல்லை.)

3

வின்கோ மேட்டுக்கு அப்பால் தன் பரணில் ஏறி உட்கார்ந்தார். பைனாகுலரின் வாரை இறுக்கினார். வார் இடது சட்டைப்பையின் மேல் படிந்தது, பைக்குள் வாக்கிடாக்கி இருந்தது, பொத்தான் அழுந்தி அப்படியே நின்றது.

(அடிக்குறிப்பு போல ஒன்று: இப்படி நடக்கக்கூடும் என்றே, ஒரு நேர அளவுக்கு மேல் பேசினால் தானாகத் துண்டிக்கும் ஏற்பாடு அந்தக் கருவியில் உண்டு. தன் சொற்பொழிவுகளைப் பாதியில் வெட்டுகிறது என்று வின்கோ அதை அணைத்து வைத்திருந்தார்.)

எங்கள் விதி எளியது. துப்பாக்கிகள் நிரப்பியிருக்கும்போது, தலைவர் வாக்கிடாக்கியில் "வேட்டை முடிந்தது" என்று சொல்லும்வரை யாரும் இடத்தை விட்டு அசையக்கூடாது. நாய்களோடு காட்டைக் கலைத்துப் பன்றிகளை விரட்டி வருகிறவர்கள் "வந்துவிட்டோம்" என்று அறிவித்த பிறகே தலைவர் அதைச் சொல்வார்.

அவர்கள் வந்துவிட்டார்கள். அறிவித்தார்கள். வின்கோவுக்குக் கேட்கவில்லை. அவர்கள் சொல்லட்டும் என்று அவர் காத்திருந்தார். அவர் சொல்லட்டும் என்று மொத்தக் காடும் காத்திருந்தது. மலைகளுக்கு நடுவே அந்தப் பள்ளத்தில் செல்போனுக்கும் சிக்னல் கிடையாது.

4

வின்கோவின் மனைவியின் தம்பி திஹோமிர். திஹோமிரின் பரணிலிருந்து பேச்சுக்கு எட்டும் தூரத்தில், அடுத்த பரணில், பல் மருத்துவர் லியெர்கா அக்கா. இரண்டு பேர் கருவியிலும் வின்கோவின் குரல்தான்.

"நாய்க்காரனுங்க எங்க போய்த் தொலைஞ்சானுங்க? அந்த லியெர்கா வேற. பன்னிய சுடச் சொன்னா மரத்துல பல்லு புடுங்கும்."

"கேட்டியா திஹோ, உன் மச்சான் பேசுறத?"

"காலையிலேர்ந்து கேட்டுக்கிட்டுதானே இருக்கேன்க்கா. என்னைப் பத்தி இன்னும் ஆரம்பிக்கல."

"வருவாரு, வருவாரு. பொறுமையா இரு."

(வின்கோவை வெறும் வாயாடியாக ஆக்குகிறேனோ என்று இந்த இடத்தில் சந்தேகம் வந்தது. அடித்துத் திருத்த நினைத்தேன். அதற்குள் கருவி சூடாகிவிட்டது.)

5

"ஐயோ, நெஞ்சுக்கிட்ட சுடுதே..."

காடு நிமிர்ந்து உட்கார்ந்தது.

"இடது பக்கம்தான். எங்கப்பாவுக்கும் இடது பக்கம்தான். கடவுளே, இப்பவா? பன்னி ஒண்ணுகூடச் சுடலையே!"

லியெர்கா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். "ரேடியோ சுடுதுய்யா! ரேடியோ!"

"நமக்குத் தெரியும். அவருக்குக் கேக்காதேக்கா."

"கடவுளே, போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். போன வருஷம் பன்னி தப்பிச்சுதே, எடத்த விட்டுப் போனது திஹோ இல்ல. நான்தான். வயிறு கலக்குச்சு, எறங்கிப் போயிட்டேன். ராத்திரி நானே தலைவரா நின்னு அவனுக்குத் தீர்ப்பும் சொன்னேன்."

வேட்டை முடிந்த இரவில் எங்கள் சங்கத்தில் நீதிமன்றம் கூடும். குற்றவாளி, சுட்ட பன்றியின் மேல் குப்புறப் படுத்துப் பிரம்படி வாங்க வேண்டும். திஹோமிர் வாங்கியிருந்தார். அந்த வருடம் முழுக்க அவர் நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் யாராவது தலையணை கொண்டுவந்து வைப்பார்கள்.

திஹோமிருக்கு அப்போது தோன்றியது என்னவென்றால், மன்னிப்பு என்பது

(வாக்கியம் இங்கேயே நிற்கட்டும். முடித்தால் தத்துவமாகிவிடும்.)

6

முடிவு அ: பேட்டரி தீர்கிறது. எல்லாரும் வீடு திரும்புகிறார்கள். யாரும் எதையும் கேட்காத மாதிரி சூப் குடிக்கிறார்கள். (இதுதான் நடக்கக்கூடியது. அதனாலேயே பிடிக்கவில்லை.)

முடிவு ஆ: வந்தது உண்மையிலேயே மாரடைப்பு. வெறும் சூடா, வலியும் உண்டா என்று நானே வின்கோவைக் கேட்டுப் பார்த்தேன். எழுதுகிறவன் என்பதற்காகச் மின்சுற்றின் விதி மாறுவதில்லை. அவர் காதில் விழவில்லை.

முடிவு இ: திஹோமிர் இறங்கி ஓடுகிறார். செய்யாமலே அடி வாங்கிய குற்றத்தை இப்போது ஊரறியச் செய்கிறார்.

"திஹோ, கால எங்க வைக்கிற? எறங்கினா ராத்திரி கோர்ட்டுல நானே சாட்சி சொல்வேன்."

"அவருக்கு நெஜமாவே ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"ஆகாதுடா. ரேடியோ சூடு."

"நிச்சயமாத் தெரியுமா?"

லியெர்கா வெறும் பல் மருத்துவர்தான்.

கருவியில் குரல் தணிந்து வந்தது. "திஹோகிட்ட நேர்ல சொல்லலாம்னு எத்தனையோ தடவ கெளம்பியிருக்கேன். மூஞ்சியப் பாத்தா வாய் வராது. இன்னும் ஒண்ணு இருக்கு கடவுளே, அது இதவிட..."

திஹோமிரின் ஒரு கால் ஏணியில் இருக்கிறது. இறங்கி ஓடினால் மூச்சிரைப்பிலும் சருகுச் சத்தத்திலும் கருவியின் பேச்சு காதில் விழாது. அந்த இன்னொன்று என்னவென்று தெரியாமலே போகும். பரணிலேயே நின்றால் தெரிந்துவிடும், வின்கோ இருக்கிறாரோ இல்லையோ.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். அடுத்த படியில் காலை வைக்கச் சொல்வதா, காத்திருக்கச் சொல்வதா என்று நீங்கள் அவரிடம் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம்.