என் பக்கத்துச் சிவப்புப் புள்ளிகள்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு வெள்ளை அட்டை. நடுவே ஒரு கோடு. இடது பக்கம் கணவர், வலது பக்கம் நான். செலவைக் குறைக்கும் அறுபது நாள் சவால். யார் கையிலிருந்து காசு போகிறதோ அவர் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி ஒட்ட வேண்டும். வாடகையும் கரண்ட் பில்லும் வங்கியிலிருந்து தானாகப் போவதால் சேர்த்தியில்லை. விதியை எழுதியவர் அவர். தலையாட்டியவள் நான்.

அவர் அலுவலகத்தில் ஒன்பது பேர் சேர்ந்து ஆரம்பித்த விளையாட்டு இது. ஞாயிறுதோறும் அவரவர் வீட்டு அட்டையைப் படம் எடுத்து போனில் குழுவுக்கு அனுப்புவார்கள். ஆறாவது ஞாயிறன்று அவர் பக்கம் இரண்டே புள்ளி. என் பக்கம் அம்மை போட்ட உடம்பு மாதிரி இருந்தது.

பால் வாங்கியவள் நான். எண்ணெய், பல்பு, அவர் சவரத்துக்குப் பூசும் நுரை, எல்லாம் நான். அவர் கடைப்பக்கமே போவதில்லை. போகாதவருக்கு எப்படிப் புள்ளி விழும்? இது எனக்கு ஆறு வாரம் உறைக்கவில்லை என்பதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

உறைக்காதது மட்டுமல்ல, நான் ஜெயிக்கப் பார்த்தேன். ஒரு துணிக்கடையின் பின்னறையில் பேன்ட்டின் நீளம் குறைத்து, ஜிப் மாற்றித் தரும் வேலை எனக்கு. நாலு ஸ்டாப் முன்னாலேயே பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தேன். மற்றவர்கள் டீ குடிக்கப் போகும்போது தலைவலி என்றேன். மூக்குக்கண்ணாடியின் காம்பு உடைந்ததை நூலால் சுற்றிக் கட்டினேன். வீட்டுக்கு வந்து இதையெல்லாம் பதிமூன்று வயது மகளிடம் ஏதோ மலையைப் புரட்டியவள்போலச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் ஒன்று விடாமல் கேட்டாள்.

"ஆபீஸ்ல உனக்குப் பட்டப்பேரே வச்சிட்டாங்க. செலவு மகாராணி," என்றார் அவர், அந்த ஞாயிறு சாப்பிடும்போது.

நானும் சிரித்தேன். அதை இன்னும் மன்னிக்க முடியவில்லை. மகள் சிரிக்கவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக அப்படித்தான் உட்கார்ந்தாள். புழுக்கத்திலும் இடுப்பில் ஸ்வெட்டரைச் சுற்றிக் கட்டியிருந்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலம், வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரு பேன்ட்டின் பாக்கெட்டுக்கு உள்துணி வைக்க என் வெட்டுத்துணிப் பையைத் திறந்தேன். பருத்தித் துண்டுகளில் பாதியைக் காணோம். குளியலறையில் வாளிக்குப் பின்னால், ஈரச் சுவரை ஒட்டி அவை காய்ந்துகொண்டிருந்தன. நாலு மடிப்பாக மடித்து, ஓரம் திருப்பித் தைத்த நீளத் துண்டுகள். நான் சொல்லிக்கொடுத்த தையல். ஒரு நொடி, எவ்வளவு நேர்த்தியாகத் தைத்திருக்கிறாள் என்று பெருமைப்பட்டேன். அப்புறம்தான் அவை எதற்கென்று புரிந்தது.

அலமாரியில் நாப்கின் பாக்கெட் காலி. எனக்கு நின்று ஒரு வருடமாகிறது. எனக்குத் தேவையில்லாததால் அந்த அலமாரித் தட்டைப் பார்ப்பதையே விட்டிருக்கிறேன்.

ஏன் சொல்லவில்லை என்று மகளிடம் கேட்டேன். ஸ்வெட்டர் முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"சொன்னா நீதான வாங்குவ. உன் பக்கம் இன்னொரு புள்ளி விழும். அவங்க எல்லாரும் சிரிப்பாங்கம்மா."

வெள்ளிக்கிழமை பள்ளியில் பாவாடையில் கறை பட்டு, இடைவேளை முழுக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டே நின்றாளாம்.

கடைக்குப் போய் நாலு பாக்கெட் வாங்கி அவள் அலமாரியில் வைத்தேன். புள்ளி ஒட்டவில்லை.

அவர் வந்ததும் சொன்னேன். முகம் ஒரு கணம் வாடியது. பிறகு, விளையாட்டாக ஆரம்பித்ததற்கு இவ்வளவு கோபமா என்றார். அதைக்கூடப் பொறுத்திருப்பேன்.

"அவ வாயத் தொறந்து கேட்டிருக்கலாம்ல?"

"அவ எதுக்குங்க கேக்கணும்? நீங்க கேக்காமலே உங்க நுரை டப்பா வந்துச்சே."

அட்டையைச் சாப்பாட்டு மேசையில் போட்டேன். என் பக்கத்துப் புள்ளிகளை நகத்தால் ஒவ்வொன்றாகப் பெயர்த்தேன். இது உங்கள் நுரை, இது உங்கள் ஷூ பாலிஷ், இது உங்கள் நண்பர்கள் வந்தபோது வாங்கிய பிஸ்கட் என்று சொல்லிச் சொல்லி அவர் பக்கம் ஒட்டினேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. பாதிப் புள்ளிகள் கிழிந்தன. கிழிந்ததையும் ஒட்டினேன். அவர் என் கையைப் பிடிக்க வந்தார். நான் பார்த்த பார்வையில் விட்டுவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை இதைத்தான் அனுப்பணும். நாளையிலேர்ந்து கடைக்கும் நீங்கதான் போகணும்."

பட்டியல் எழுதிக் கொடுத்தேன். வீட்டில் நாலு பாக்கெட் இருந்தும் முதல் வரியில் நாப்கின் என்று எழுதினேன்.

மறுநாள் மதியம் ஒரு பேன்ட்டுக்கு ஜிப் வைத்துக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது. கடைக்குள் நிற்கிறார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என்னென்னவோ வகை இருக்கே, எதை எடுக்கறது? பக்கத்துல ஆளுங்க நிக்கறாங்க," என்றார்.

"பாக்கெட் மேலயே எழுதியிருக்கும். நின்னு படிச்சுப் பாருங்க."

போனை வைத்துவிட்டுத் தையலைப் பார்த்தேன். ஜிப்பைத் தலைகீழாக வைத்திருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு பிரிக்க ஆரம்பித்தேன்.