காலடியும் கால் அடியும்

போர்டிகோ தூணைப் பிசிறில்லாமல் வெட்டுகிற மாப்பிள்ளைக்குத்தான் மேல்மாடி என்று மாமனார் சொல்லிவிட்டார். மூத்த மாப்பிள்ளைக்கு அது கிடைத்தே ஆகவேண்டும். அவர் குடியிருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரன், காலி செய்யச் சொல்லி, வாசல் கதவையே கழற்றிக்கொண்டு போயிருந்தான்.

போர்டிகோ கூரையை ஜாக்கிகள் தாங்கிக்கொண்டிருந்தன. வாங்கி வந்த நான்கு இரும்புத் தூண்களும் அரை அங்குலம் நீளம் கூடுதல். மாப்பிள்ளைகள் இருவருக்கும் ஆளுக்கு இரண்டு. இரும்பை எவனும் வெட்டிவிடுவான். மேலே போர்த்திய வெள்ளை வினைல் பிளாஸ்டிக் உறைதான் மாமியார் மாதிரி. சூடு தாங்காது, அழுத்தினால் வெடிக்கும், ஒருதரம் கிழிந்தால் ஆயுசுக்கும் ஒட்டாது.

"தலைப்பக்கம் கை வைக்காதீங்க மாப்ளே, காலடியில அரை அங்குலம் வெட்டுங்க" என்று உள்ளேயிருந்து மாமனார் குரல் கொடுத்தார்.

மூத்தவர் தூணைச் சுற்றி டேப் ஒட்டி, உறையை முதலில் கத்தியால் கீறி, பொடிப்பல் ரம்பத்தால் நிதானமாக அறுத்தார். வெட்டு வழவழவென்று வந்தது. திரும்பிப் பார்த்தால், இளையவர் அதைவிட நேர்த்தியாக டேப் சுற்றிக்கொண்டிருந்தார். மாடி கைநழுவுவது மூத்தவருக்குத் தெரிந்துவிட்டது.

இளையவருக்குக் காது கொஞ்சம் மந்தம். "மாமா எவ்வளவு வெட்டச் சொன்னாரு, சகலை?"

"கால் அடி."

மூத்தவர் பொய் சொல்லவில்லை. மாமனார் சொன்ன சொல்தான். நடுவில் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டார், அவ்வளவே.

இளையவர் மூன்று அங்குலம் அறுத்தார். பிசிறு என்பதே இல்லை. அந்த வெட்டுவாயில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும்.

தூண்களை நிறுத்தி ஜாக்கிகளை இறக்கினால், கூரை வெற்றிலை குதப்பிய வாய்போல ஒருபக்கம் கோணியது. மாமனார் வெளியே வந்து, தாழ்ந்த பக்கத்தில் போய் நின்றார். நின்றாலும் உட்கார்ந்தாலும் ஒரே உயரமுள்ள மனுஷர். ஏற்கெனவே தாழ்வான கூரை. இப்போது கை தூக்கினால் எட்டியது. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கூரையைத் தொட்டார். திரும்பத் திரும்பத் தொட்டார்.

"இதுதாங்க உயரம். இனிமே எந்தப் பயலும் என் வீட்டுக்குள்ள குனிஞ்சுதான் வரணும். பெரிய மாப்ளே, உங்க தூணையும் இதுக்குச் சமமா வெட்டுங்க."

"மாமா, அவரு தப்பா வெட்டிட்டாரு…"

"தப்பா வெட்டுனவரு சுத்தமா வெட்டியிருக்காரே. நீங்க சரியா வெட்டுங்க பாப்போம்."

மூத்தவர் அவசரமாக அறுக்கப் போனார். ரம்பம் பிடிபடவில்லை. ஆத்திரத்தில் இரும்பு வெட்டும் கிரைண்டரை எடுத்துத் தூணில் வைத்தார். உறை கருகி, உருகி, மூக்குச்சளியாய் வழிந்தது. பக்கத்து வீட்டு நாய்கூட நாற்றம் தாங்காமல் தெருமாறிப் போனது.

மாமனார் குனிந்து முகர்ந்தார். "மாடிச் சாவி சின்ன மாப்ளைக்கு."

"அப்ப நாங்க எங்க மாமா போறது?"

"எங்கயாச்சும் போங்க. போறப்ப மட்டும் பாத்து, மாப்ளே."

சொல்லி முடிப்பதற்குள் கூரை விளிம்பு நெட்டையான மூத்தவர் நெற்றியில் இடித்துவிட்டது. இளையவர் ஓடிவந்து, மிச்சமிருந்த டேப்பை எடுத்துக் காயத்தில் பிசிறில்லாமல் ஒட்டிவிட்டார்.