எண்ணூறு கெஜத்துக்கு அப்பால்

வேட்டைச் சீட்டுக் குலுக்கலில் ரூலனின் பெயர் விழுந்துவிட்டது என்று தெரிந்த அன்று, அவர் மனைவி நோலாவுக்கு முதலில் தோன்றியது இந்த வருஷம் பார்த்தா விழவேண்டும் என்பதுதான். அரசு வருஷத்துக்குச் சிலருக்கே அனுமதி தரும் மலைக்கிடா வேட்டைக்கு, அதாவது காட்டு ஆட்டு வேட்டைக்கு, அவர் வாலிப வயதிலிருந்து விண்ணப்பம் போட்டு வந்தவர். கிரீன் ரிவர் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். சீட்டு கிடைக்காமலே போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. ரூலனுக்குக் கிடைத்தபோது சுரங்கத் தூசியும் சிகரெட்டும் சேர்ந்து அவர் நுரையீரலை முக்கால்வாசி தின்று தீர்த்திருந்தன. தோளில் தொங்கும் ஆக்ஸிஜன் பெட்டியும் மூக்கில் மாட்டிய குழாயும் இல்லாமல் தபால் பெட்டிவரை போய்வர முடியாது. கிடாக்கள் மேய்வதோ மரங்கள் கூட வளராத உயரத்தில்.

நோலா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். விடிவதற்கு முன்னால் எழுந்து, அவருக்கு மருந்தும் காப்பியும் வைத்துவிட்டு, பனியோ காற்றோ ஊரைச் சுற்றிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிவிட்டு வந்தால், மிச்ச நாள் முழுக்க அவருடைய வேலை இருக்கும். குளிப்பாட்டுவது, துணி, மருத்துவரிடம் கூட்டிப்போவது. அவளும் சின்ன வயதிலிருந்து தன் அப்பாவோடு வேட்டைக்குப் போனவள்தான். ஆனால் இப்போது அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு நீண்ட தூக்கம்.

சுரங்கத்தில் ரூலனோடு வேலைபார்த்த டெல்பர்ட்தான் அந்த யோசனையைக் கொண்டுவந்தான். சமையலறை மேஜையில் உட்கார்ந்து கைப்பேசியில் ஒரு காட்சியைக் காட்டினான். எவனோ ஒருவன் இந்த மலையில் படுத்துக்கொண்டு அந்த மலையில் நிற்கும் மானைச் சுட்டு வீழ்த்துகிறான். இடையில் ஒரு பள்ளத்தாக்கே கிடக்கிறது.

"நீ எதுக்குடா மேல ஏறணும்? கீழயே படுத்துக்க. தோட்டா ஏறிக்கும்," என்றான் டெல்பர்ட்.

அதிலிருந்து ரூலனுக்கு வேறு பேச்சு இல்லை. எந்தக் குழல், எந்தத் தோட்டா, எவ்வளவு நீளம் என்று சாப்பிடும்போதும் அதே. லாண்டர் ஊருக்கு வெளியே ஆர்வல் என்று ஒருவர் ஆளுக்கேற்ற மாதிரி துப்பாக்கி செய்துகொடுக்கிறார் என்று கேள்விப்பட்டார். மொத்த வட்டாரத்திலும் தொலைதூரத்துக்கு அவர் கைதான் என்றார்கள். ஜூன் மாதம் பள்ளி விடுமுறை விட்ட முதல் சனிக்கிழமை நோலாதான் வண்டி ஓட்டினாள். சவுத் பாஸ் கணவாய் தாண்டும்வரை ரூலன் பேசிக்கொண்டே வந்தார். அவள் சரி சரி என்றாள். அவர் என்ன சொன்னார் என்று பிறகு கேட்டிருந்தால் அவளுக்கே தெரிந்திருக்காது.

ஆர்வல் எழுபது வயது மனிதர். இரண்டு காதிலும் கேட்கும் கருவி. அவர் ரூலனுடைய கையை அளந்தார், கழுத்தை அளந்தார், தோள் எலும்பைத் தடவிப் பார்த்தார். மூக்குக் குழாயையும் ஆக்ஸிஜன் பெட்டியையும் பார்த்தார். அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எவ்வளவு தூரத்தில் சுடப்போகிறீர்கள் என்று மட்டும் கேட்டார். எண்ணூறு, தேவைப்பட்டால் ஆயிரம் கெஜம் என்றார் ரூலன். ஆர்வல் தலையாட்டிவிட்டு, யாரோ செய்யச் சொல்லி வாங்காமல் போன கனமான துப்பாக்கி ஒன்றை எடுத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே சுட்டுப் பழகும் இடத்துக்குக் கூட்டிப்போனார்.

எதிர்ச் சரிவில் இரும்புத் தகடுகள் தொங்கின. முந்நூறு கெஜத்தில் இருந்த தகட்டை ரூலன் எடுத்த எடுப்பில் அடித்தார். கை மறக்கவில்லை. எண்ணூறில் இருந்தது கண்ணுக்கு ஒரு பொட்டுப்போலத் தெரிந்தது. முதல் தோட்டா காற்றில் இடப்பக்கம் தள்ளிப்போய்ப் புழுதி கிளப்பியது. ஆர்வல் தொலைநோக்கியில் கண்ணை வைத்தபடி கொஞ்சம் திருத்தச் சொன்னார். இரண்டாவது, தகட்டின் ஓரத்தை உரசிவிட்டுப் போனது. மூன்றாவது நடுவில் பட்டது. சத்தம் வந்து சேர நேரமானது. ரூலன் சிரித்தார், சிரிப்பு இருமலானது, இருமல் அடங்கப் பெரும்பாடு பட்டார். அப்படி அவர் சிரித்து நோலா பார்த்து வெகுகாலமாகியிருந்தது. அவளுக்கும் உள்ளே ஏதோ இளகியது.

"நல்லா சுடுறீங்க," என்றார் ஆர்வல். "ஒண்ணு பண்ணுங்க. அந்தக் கம்பம் வரைக்கும் நடந்து போயிட்டு வாங்க. வந்ததும் படுத்துச் சுடுங்க. எல்லார்கிட்டயும் இதைச் சொல்றதுதான்."

கம்பம் பக்கத்தில்தான் இருந்தது, லேசான ஏற்றம். ரூலன் போனார், நின்றார், திரும்பினார். வந்து படுக்கும்போது உதடு வெளிறியிருந்தது. மூச்சு இழுக்கும் ஒவ்வொரு முறையும் குழல் முனை ஏறி இறங்குவதை நோலா நின்ற இடத்திலிருந்தே பார்த்தாள். அவர் சுட்ட எதுவும் தகட்டின் பக்கம்கூடப் போகவில்லை.

மலையில் அவசரப்பட மாட்டேன், உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் சுடுவேன் என்றார் ரூலன். செய்யலாம் என்றார் ஆர்வல். ஆனால் இவ்வளவு தூரம் தோட்டா போய்ச்சேர ஒரு விநாடி ஆகும், அதற்குள் கிடா ஓர் அடி எடுத்து வைத்தால் நெஞ்சில் படவேண்டியது வயிற்றில் படும் என்றார். இதைச் சொல்லும்போது அவர் குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. நிறையப் பேருக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன தொனிதான் இருந்தது.

அதுவரை வாயே திறக்காத நோலா கேட்டாள். "சரி, பட்டுருச்சுன்னே வச்சுக்குவோம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கிடக்குது. யாரு போய் எடுத்துட்டு வர்றது?"

"நீதான்," என்றார் ரூலன். யோசிக்கவே இல்லை. தண்ணி கொண்டு வா என்று சொல்வதுபோல வந்தது.

நோலா திரும்பி நடந்து போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள்; வரவில்லை. கோபப்படக்கூட உடம்பில் தெம்பு வேண்டும். வெளியே புதர்க்காடு காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. முதுகில் கிடா மாமிசத்தைக் கட்டிக்கொண்டு பாறைச் சரிவில் தனியாக இறங்கும் தன்னை நினைத்துப் பார்த்தாள். ஒரு தடவை அல்ல, நாலைந்து தடவை போய்வர வேண்டும். இந்தப் பக்கம் கீழே அவர் வேறு மூச்சுக்குத் தவித்துக்கொண்டு படுத்திருப்பார்.

கொஞ்ச நேரம் கழித்து ரூலன் வந்து மறுபக்கக் கதவைத் திறந்து ஏறினார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

"என்ன ஆச்சு உனக்கு?"

"களைச்சுப்போயிட்டேன் ரூலன்."

"ராத்திரி தூங்கலியா?"

"ராத்திரியைச் சொல்லலை. மூணு வருஷமா களைச்சுப்போயிருக்கேன். நீ போக வேணாம்னு சொல்லலை. போ. என் காலையும் முதுகையும் என்கிட்ட கேக்காமலே கணக்குல சேத்துக்காத. அவ்வளவுதான்."

ரூலன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெட்டி உஸ் உஸ்ஸென்று காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. சமாதானமாக ஏதாவது சொல்வார், அல்லது முறைத்துக்கொள்வார் என்று நோலா காத்திருந்தாள். அவர் கதவைத் திறந்து இறங்கினார்; இறங்கி நின்று, "நீ சொல்லவே இல்லையே," என்றார். "கேட்டிருக்கணும்," என்று தனக்குள் சொல்வதுபோல் சேர்த்துக்கொண்டு போனார்.

அவர் ஆர்வலிடம் என்ன பேசினார் என்பதைப் பிறகுதான் அவள் அறிந்தாள். இந்தக் கனமான துப்பாக்கி வேண்டாம், எனக்குக் கிட்டத்தில் சுடுகிற மாதிரி ஒன்று வேண்டும் என்றிருக்கிறார். கிட்டத்தில் எப்படிப் போவீர்கள் என்று ஆர்வல் கேட்டதற்கு, கோவேறு கழுதை வைத்திருக்கிற வழிகாட்டி யாராவது தெரியுமா என்று கேட்டிருக்கிறார். வழிகாட்டி வைத்து வேட்டையாடுகிறவன் வேட்டைக்காரனே அல்ல என்று நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்த மனிதர் அவர்.

ஆர்வல் செய்துகொடுத்த துப்பாக்கி ஆகஸ்டில் தயாரானது. குட்டைக் குழல், எடை குறைவு, தோளில் விழும் உதை மெதுவாக இருக்கும் சிறிய தோட்டா. கன்னம் பதியும் இடத்தில் கட்டையை ஒரு விரல் அகலத்துக்குக் குடைந்திருந்தார், மூக்குக் குழாய் நசுங்காமல் இருக்க. டெல்பர்ட் வந்து பார்த்துவிட்டு, "முயல் சுடவா போற?" என்று கேலி செய்தான். ரூலன் அவனுக்கு ஒரு பீர் எடுத்துக் கொடுத்ததோடு சரி.

செப்டம்பர் கடைசியில் நோலாவும் விடுப்பு எடுத்துக்கொள்ள, கோவேறு கழுதைகளோடு மலையேறினார்கள். வழிகாட்டி கிளெல் அதிகம் பேசாதவன். ஆக்ஸிஜன் பெட்டியின் பேட்டரிகளைக் குளிர் படாமல் தன் படுக்கைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினான். முதல் இரண்டு நாள் பனிமூட்டம். கூடாரத்துக்குள் மூவரும் சீட்டாடினார்கள். ரூலனுக்கு ஒவ்வொரு மூச்சும் வேலையாக இருந்தது. இறங்கிவிடலாமா என்று கிளெல் இருமுறை நோலாவைத் தனியே கேட்டான். அவரைக் கேள் என்றாள்.

மூட்டம் விலகிய காலையில் தொலைவிலிருந்த முகட்டில் பெரிய கிடா ஒன்று நின்றது. கொம்பு முழு வட்டமாகச் சுருண்டிருந்தது. அந்தக் கனமான துப்பாக்கி இருந்திருந்தால் சுடக்கூடிய தூரம்தான். ரூலன் அதை வெகுநேரம் பார்த்தார். இரண்டு தடவை காறித் துப்பினார். பிறகு கழுதையைக் கொண்டுவரச் சொன்னார்.

கிடைத்தது வேறொரு கிடா. மதியத்துக்கு மேல், பாறைத் திருப்பத்தில், இருநூறு கெஜத்துக்குள்ளேயே படுத்திருந்தது. கிழட்டுக் கிடா, ஒரு கொம்பு பாதியில் உடைந்திருந்தது, விலா எலும்பு தெரிந்தது. சுவரில் மாட்டினால் யாரும் மெச்ச மாட்டார்கள். ரூலன் கழுதையிலிருந்து இறங்கி, பாறையில் துப்பாக்கியைச் சாய்த்து, மூச்சு அடங்கும்வரை காத்திருந்தார். கிடா எழுந்து நின்றபோது சுட்டார். அது நின்ற இடத்திலேயே மடிந்தது.

நோலாவும் கிளெலும் முதலில் போய்ச் சேர்ந்தார்கள். ரூலன் பாறையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வர ஆரம்பித்திருந்தார். நாலடி, நிற்பது, மறுபடி நாலடி. கிடாவின் பக்கத்தில் குனிந்திருந்த நோலா எழுந்தாள், போய்க் கைகொடுக்க. பிறகு என்ன தோன்றியதோ, போகவில்லை. வெயில் பட்டுச் சூடாக இருந்த ஒரு பாறையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். கண்ணை ஒரு நிமிஷம் மூடினாள்.

விழித்தபோது நிழல் நீண்டிருந்தது. அவள்மேல் ரூலனின் கோட்டு கிடந்தது. கிளெல் தோலுரித்து மாமிசத்தை முக்கால்வாசி வெட்டி முடித்திருந்தான். அவனுக்கு வசதியாக ரூலன் தரையில் உட்கார்ந்து கிடாவின் பின்னங்காலை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். முழங்கைவரை ரத்தம். முகம் சாம்பல் நிறம்.

"எழுப்பியிருக்கலாமே," என்றாள்.

"என்ன அவசரம்? கிளெல் கத்தி பிடிக்கிறான், நான் கால் பிடிக்கிறேன். நீ படு."

அவள் எழுந்திருக்கத்தான் நினைத்தாள். கால் மரத்துப்போயிருந்தது. கிளெல் கழுதைகளில் மூட்டை கட்டத் தொடங்கியபோது வடக்கே மேகம் திரண்டது. இன்னும் இறங்க வேண்டிய தூரம் இருந்தது, திங்கட்கிழமை பேருந்து எடுக்க வேண்டும். நோலா கோட்டைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, அவர்கள் கூப்பிடும்வரை அப்படியே கிடந்தாள்.