கிழங்கு வயலுக்கு வந்த விருந்தாளிகள்

வேளாண் அலுவலகத்தில் அவளுடைய வேலை அந்துப்பூச்சி எண்ணுவது. திங்கள்தோறும் உருளைக்கிழங்கு வயல்களில் வைத்த பசைப் பொறிகளைக் கழற்றி வந்து, மேசையில் பரப்பி, பல்குத்தும் குச்சியால் தொட்டுத் தொட்டு எண்ணுவாள். அலுவலகமே அவளைப் ‘பூச்சி மேடம்’ என்றுதான் கூப்பிட்டது. அவளும் கோபித்துக்கொண்டதில்லை.

குளிர்காலம் மூன்று மாதமும் அவளுக்கு ஓய்வு. குளிரில் அந்துப்பூச்சி பறக்காது என்பதால், படிவத்தில் அந்த மாதங்களுக்குச் சுழியத்தை அச்சகத்திலேயே அடித்து அனுப்பிவிடுவார்கள். அந்த வருடம் குளிர் வரவில்லை. பெட்டியிலிருந்து எடுத்த கம்பளிச் சட்டைகள் கொடியிலேயே தொங்கின. எதற்கும் பார்ப்போமே என்று பொறியைக் கழற்றியவள் இருநூற்றுப் பதினான்கு பூச்சிகளை எண்ணினாள். நம்ப முடியாமல் மறுபடி எண்ணினாள். இருநூற்றுப் பதினைந்து. ஒன்று அவள் சட்டைக் கையில் ஒட்டியிருந்தது.

அதிகாரி படிவத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“அச்சடிச்ச சுழியத்து மேல எழுதியிருக்கீங்களே, மேடம்.”

“பூச்சி இருக்கே சார்.”

“குளிர்காலத்துல கிழங்குப் பூச்சி கிடையாது. அப்போ இது கிழங்குப் பூச்சி இல்ல.”

“பின்ன என்ன சார் இது?”

அவர் கெட்டவர் அல்ல, குழம்பிப்போனவர். நெடுநேரம் யோசித்து, “காலம் தவறி வந்திருக்காங்க. விருந்தாளின்னு போடுங்க,” என்றார்.

போட்டாள். அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. விருந்தாளிகளுக்கு மருந்தடிக்கலாமா என்று மேலிடம் கேட்டது. தகாது என்று அதிகாரி பதில் எழுதினார். மறுநாள் வயலுக்கு வயல் அறிவிப்பு ஒட்டினார்கள்: வந்திருப்போரை யாரும் துன்புறுத்தக் கூடாது.

இரண்டு வாரம் கழித்து அவளுடைய தம்பி ஒரு கூடைக் கிழங்கோடு அலுவலகத்துக்குள் நுழைந்தான். அவனுக்கு இரண்டு வயல். ஒரு கிழங்கை அவள் மேசையில் வைத்தே பிளந்தான். உள்ளே சுரங்கம் சுரங்கமாகக் கரும்பாதை. ஒரு புழு எட்டிப் பார்த்தது.

“அக்கா, உன் விருந்தாளிங்க முட்டை போட்டு, பிள்ளைகுட்டியோட குடியேறிட்டாங்க. நான் என்ன பண்ணட்டும், பாய் விரிக்கட்டுமா?”

அவள் முகம் சுண்டிப்போயிற்று. அந்தச் சொல்லை எழுதியது அவள் கைதானே. மண்வெடிப்பில் தலைகாட்டும் கிழங்கில்தான் அந்துப்பூச்சி முட்டையிடும் என்பது அவளுக்குத் தெரியும். மண் அணைத்து மூடினால் பாதி தொல்லை குறையும். ஆனால் ‘பூச்சித் தடுப்பு’ என்று எழுதினால் அதிகாரி கையெழுத்துப் போடமாட்டார். தாளை எடுத்தாள்.

‘விருந்தாளிகள் முன் கிழங்குகள் வெற்றுடம்போடு தோன்றுவது பண்பாகாது. மண்ணால் நன்கு மூடவும். நிலத்தின் வெடிப்புகள் தெரிவதும் அவமானமே. தண்ணீர் பாய்ச்சி மறைக்கவும். தோண்டிய கிழங்கை அன்றன்றே வயலைவிட்டு அகற்றவும்.’

படித்த அதிகாரிக்குக் கண் கலங்கியது. “மரியாதைன்னா இதுதான் மேடம்!” என்று மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஊரே மண்வெட்டியோடு இறங்கியது. தம்பியின் மேட்டு வயல் போனது போனதுதான். பள்ளத்து வயல் தப்பியது. பொறியில் எண்ணிக்கை அறுபதுக்கு இறங்கியது.

அதிகாரி தம்பியின் பள்ளத்து வயலைப் பார்க்க வந்த அன்று அவருடைய மூக்குக்கண்ணாடியில் ஒரு அந்துப்பூச்சி வந்து உட்கார்ந்தது. தன் உத்தரவுப்படி அதை விரட்டவும் கூடாது. வரப்பில் அரை மணி நேரம் ஆடாமல் நின்றார். கழுத்தில் வியர்வை வழிந்தது.

“மேடம்,” என்றார் உதட்டை அசைக்காமல், “இது நிஜமாவே குளிர்காலம்தானா?”

“தேதிப்படி ஆமா சார்.”

அவர் கையை ஓங்கி ஒரே அடி அடித்தார். கண்ணாடி உடைந்தது. பூச்சி பறந்துவிட்டது. வேலியில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் கண்ணாடி இல்லாமல் தட்டுத் தடுமாறி அவரே கிழிக்கப் போனார். தம்பி அவர் கையைப் பிடித்து, அறிவிப்பு இருக்கும் பக்கம் கூட்டிப்போனான்.