ஒன்பதாம் பக்கத்து அலமாரி

எலாடியோ பெந்தான்கூர் எட்டு மாதம் பாடுபட்டு எழுதிய கதை பன்னிரண்டு பக்கம் வந்திருந்தது. ஆற்று வெள்ளத்தில் சிக்கிய தன் குதிரையைக் காப்பாற்றப் போகும் ஒருவனின் கதை. பைசாந்தூ நகர நூலகத்து மாடியில் வியாழன்தோறும் மாலையில் கூடும் எழுத்துப் பட்டறையில் அன்று அவருடைய முறை. பத்திரப்பதிவு அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக ஒரு பிழை இல்லாமல் எழுதி வந்தவர். நகல்களைப் போன வாரமே மற்ற ஏழு பேருக்கும் கொடுத்திருந்தார்.

பட்டறையை நடத்தும் நெலிடா ஒரே ஒரு விதி வைத்திருந்தாள். மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது.

மருந்துக்கடைக்காரர் எபேர் தொடங்கினார். "பன்னெண்டு பக்கம் வெள்ளத்தைப் பத்திப் படிச்சேன். என் செருப்புகூட நனையல."

ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஓஃபெலியா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "'ஆழ்ந்த துயரம்'னு பதினோரு தடவை வருது. அதுல ரெண்டு தடவை குதிரைக்கு."

எலாடியோவுக்குக் காது மடல் சூடேறியது. கைமாறிச் சுற்றி வந்த மாத்தே தேநீர்க் குடுவையை வாங்கிக் குழாயில் வேகமாக உறிஞ்சி நாக்கைச் சுட்டுக்கொண்டார். குதிரைக்குத் துயரம் வரக் கூடாதா? இவள் எந்தக் குதிரையைப் பார்த்திருக்கிறாள்?

கடைசியில் நெலிடா பென்சிலைக் கீழே வைத்தாள். "இந்தக் கதையில உயிரோட இருக்கிறது ஒரே ஒரு ஆள்தான். ஒன்பதாம் பக்கத்துல வர்ற பக்கத்து வீட்டுக்காரி. தண்ணி ஏறுது, புருஷன் சாமானையெல்லாம் மேல தூக்கி வைக்கிறான், அவ சொல்றா பாருங்க: 'எப்படியும் எடுத்துட்டுத்தான் போகப்போகுது. முதல்ல உங்கம்மா குடுத்த அலமாரியைக் கொண்டுபோகட்டும்.'"

எல்லோரும் சிரித்தார்கள். எபேர் மேசையைத் தட்டினார்.

"இங்கேர்ந்து ஆரம்பிங்க, எலாடியோ. மத்ததை எடுத்துடுங்க."

"குதிரையையுமா?"

"குதிரையைத்தான் முதல்ல."

தூறலில் வீட்டுக்கு நடந்தபோது எல்லோருக்கும் மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். அங்கே தோன்றாத பதில்களெல்லாம் இப்போது வரிசையாக வந்தன. அதைவிட எரிச்சலூட்டியது வேறொன்று. அந்த ஒரு வரி அவர் எழுதியதே அல்ல. பழைய வெள்ளத்தின்போது அவர் மனைவி சுல்மா சொன்னது. பக்கம் நிரம்பட்டும் என்று போட்டு வைத்திருந்தார்.

சுல்மா அடுப்படியில் மாவைத் தட்டிப் பொரித்துக்கொண்டிருந்தாள். "என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்ல. அவங்களுக்கு இலக்கியம் புரியாது."

"ஒண்ணுகூடவா பிடிக்கல?"

"ஒரு வரி பிடிச்சுது." வேண்டாவெறுப்பாகச் சொன்னார்.

அவள் கரண்டியோடு திரும்பினாள். "அது நான் சொன்னதில்ல?"

"ஆமா."

"உங்கம்மா அதைக் கேட்டுக்கிட்டு வாசல்லயே நின்னாங்களே, அதைப் போட்டியா? அப்புறம் கிறிஸ்துமஸ் வரைக்கும் எங்கூடப் பேசலையே, அது?"

"இல்ல."

"அப்ப என்னத்தைத்தான் எழுதினே பன்னெண்டு பக்கம்?"

எலாடியோ மேசை முன் உட்கார்ந்தார். தட்டில் இருந்ததைத் தின்றார். பிறகு, கேட்கவே பிடிக்காமல் கேட்டார்: "அம்மா அப்ப என்ன செஞ்சாங்க?"

"அலமாரியைத் திறந்து, அவங்க போர்வையை மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க."

ஞாயிறு மதியம் திருப்பி எழுதி முடித்தபோது எல்லாம் சேர்ந்து இரண்டு பக்கம் தேறியது. வெள்ளமும் அலமாரியும் இருந்தன, இரண்டு பெண்கள் இருந்தார்கள். குதிரை இல்லை. நன்றாக இருந்தது என்று அவருக்கே தெரிந்ததுதான் இன்னும் கடுப்பாக இருந்தது. எட்டு மாத உழைப்பில் தன்னுடையது என்று சொல்ல முற்றுப்புள்ளிகள்தான் மிச்சம்.

இனிமேல் பட்டறைப் பக்கமே போவதில்லை என்று புதன்கிழமை வரை சொல்லிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை அலுவலகத்தில் ஏழு நகல் எடுத்தார்.