மேஸ்திரியின் கூண்டு

கிளிக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தது பெயின்டரின் மகள். மேலே உட்கார்ந்துகொண்டு கீழே இருப்பவர்களை அதட்டுகிறவருக்கு வேறென்ன பெயர் வைப்பது என்று கேட்டாள். "என்ன பாக்குற? வேலையைப் பாரு!" என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். பெயின்டர் வேலை முடிந்து வந்து, தின்னர் வாடை போகக் கை கழுவிவிட்டு நாற்காலியில் சாய்ந்தால் போதும், உடனே அதட்டல் வரும். "அங்க ஒரு மேஸ்திரி, இங்க ஒரு மேஸ்திரி" என்று அலுத்துக்கொள்வார். மனைவி சிரிப்பாள்.

இப்போது மனைவி இல்லை. மகள் கடல் தாண்டி ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஃபோன் செய்வாள். மனைவி இருந்த காலத்தில் அம்மாவும் மகளும் பேசித் தீர்த்த பிறகு ஃபோன் இவர் கைக்கு வரும். "சாப்பிட்டியா?" என்பார். "சாப்பிட்டேன்பா" என்பாள். அதற்குமேல் இருவருக்கும் வழி தெரியாது. ஃபோனை மறுபடி மனைவியிடம் கொடுத்துவிடுவார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அந்த இடத்துக்கு மேஸ்திரி வந்தது. "மேஸ்திரிகிட்ட குடுங்கப்பா" என்பாள் மகள். இவர் ஃபோனைக் கூண்டருகே பிடித்துக்கொண்டு நிற்பார். மேஸ்திரி அதட்டும், அவள் அங்கே விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பே அவருக்கு வாரம் முழுதும் போதும்.

ஒரு ஞாயிறு வீடியோவில் பார்த்துவிட்டு, "கூண்டெல்லாம் துருவா இருக்கே அப்பா" என்றாள்.

மகள் தன்னிடம் ஒன்று கேட்டுவிட்டாள். பெயின்டருக்கு அது போதும். அன்று சாயங்காலமே உப்புத்தாள் எடுத்து ஒவ்வொரு கம்பியாகத் தேய்த்தார். பரண்மேல் கிடந்த பழைய டின்னைத் திறந்து சிவப்புப் பிரைமர் அடித்தார். அது காய்ந்ததும் அதன்மேல் கிளிப்பச்சை எனாமல். சொட்டு இல்லை, பிசிறு இல்லை. காசு வாங்கிக்கொண்டு அடித்த எந்தச் சுவரிலும் அவ்வளவு பொறுமை காட்டியதில்லை. பளபளக்கும் கம்பியை மேஸ்திரி அலகால் கொறித்தபோது, "பிடிச்சிருக்கா?" என்று அதனிடம் கேட்கவும் செய்தார்.

சில வாரங்களில் மேஸ்திரி அதட்டுவதை நிறுத்தியது. கம்பில் உட்கார முடியாமல் தரையில் இறங்கியது. சிறகைச் சிலிர்த்து, கண்ணைப் பாதி மூடி, பந்துபோல் ஒடுங்கிக்கொண்டது. கொடுத்ததெல்லாம் தண்ணீராக வெளியே வந்தது.

பெயின்டர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, கூண்டைத் துண்டால் மூடிக்கொண்டு மிருக ஆஸ்பத்திரிக்குப் போனார். கழுத்துப்பட்டி போட்ட நாய்களுக்கு நடுவே காத்திருந்தார். கவுன்டரில் இருந்த பெண், டாக்டர் பார்க்கும் கட்டணம், ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஊசி என்று சொல்லிக்கொண்டே போனாள். பாதியிலேயே அவர் கையிலிருந்த காசுக் கணக்கு முடிந்துவிட்டது.

"சரிம்மா. வீட்டுல கேட்டுட்டு வரேன்."

வீட்டில் கேட்க யாரும் இல்லை.

படியில் இறங்கும்போது அந்தப் பெண் பின்னாலேயே வந்தாள். "ஐயா, கொஞ்சம் நில்லுங்க. கூண்டு புதுசா?"

"பழசுதாம்மா. நான்தான் பெயின்ட் அடிச்சேன்." அந்த நிலைமையிலும் குரலில் ஒரு பெருமை எட்டிப்பார்த்தது.

அவள் குனிந்து பார்த்தாள். கதவோரக் கம்பிகளில் பச்சை உரிந்து சிவப்பு தெரிந்தது. அந்தச் சிவப்பிலும் அலகின் தடம் இருந்தது. "இருங்க, நான் டாக்டர் இல்ல. கேட்டுட்டு வரேன்" என்று உள்ளே ஓடினாள்.

திரும்பி வந்தபோது அவள் முகம் மாறியிருந்தது. "பெயின்ட் வயித்துக்குள்ள போயிருக்குமாம். பழைய பிரைமர்ல ஈயம் இருக்குமாம். அது விஷமாம் ஐயா."

பெயின்டர் தன் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் இன்னும் கொஞ்சம் பச்சை இருந்தது.

"நான் செஞ்சதா?"

"ஊசி போட்டா நல்லதுன்னு டாக்டர் சொல்றார். முடியலைன்னா உடனே அந்தக் கூண்டுலேர்ந்து எடுத்துடணுமாம். கதகதப்பா வச்சு, குழைவா ஏதாவது குடுக்கணும். சிலது தேறிடும்." தேறாததைப் பற்றி அவள் சொல்லவில்லை. மருந்து வந்த காலி அட்டைப்பெட்டி ஒன்றில் பஞ்சு விரித்து, ஒரு சொட்டுக்குழாயும் வைத்துக் கொடுத்தாள். அவர் கும்பிடப் போனார். இரண்டு கையிலும் சாமான் இருந்தது.

வீட்டில் வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். வேகவைத்த காரட்டை மசித்துச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினார். "கடவுளே, அது என்ன தப்பு பண்ணுச்சு? தப்பு என்னோடது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதைத் தவிர அந்த வீட்டில் வேறு சத்தம் இல்லை.

மறுநாள் காலையில் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு நர்ஸ். இரவு ட்யூட்டி முடிந்து பகலில் தூங்குகிறவள். மேஸ்திரி கத்தும்போதெல்லாம் சுவரை இடிப்பாள். இருவருக்கும் அதைத் தாண்டிப் பேச்சுவார்த்தை கிடையாது.

"என்ன அண்ணே, உங்க மேஸ்திரி லீவா? நிம்மதியாத் தூங்கலாம்னு படுத்தா, எப்பக் கத்துமோ எப்பக் கத்துமோன்னு காத்துக்கிட்டே தூக்கம் போச்சு."

பெயின்டர் அவளை உள்ளே கூப்பிட்டார். பெட்டியைக் காட்டினார். அவள் உட்கார்ந்து பார்த்தாள்.

"நீங்க வேலைக்குப் போறப்ப யாரு பாத்துக்குறது?"

"போகலை சிஸ்டர்."

"போகாம என்னத்தைப் புகட்டுவீங்க? பெட்டியைக் கொடுங்க. ராத்திரியெல்லாம் முனகுறவங்களப் பாத்துட்டு வரேன், பகல்ல ஒரு ஆள் கூடினா ஒண்ணும் குறைஞ்சிடாது. இதாவது பெல் அடிச்சுக் கூப்பிடாது."

அன்றுமுதல் பகலில் பெட்டி அவள் வீட்டில், சாயங்காலம் இவர் வீட்டில். உதவி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதைக் கடவுள் முன்கூட்டிச் சொல்வதில்லை. நமக்கும் அதற்கும் நடுவே பெரும்பாலும் ஒரு சுவர்தான் இருக்கிறது.

ஞாயிறு வந்தது. மேஸ்திரி உயிரோடு இருந்தது, அவ்வளவுதான். ஃபோன் அடிக்க அடிக்கப் பெயின்டருக்கு வியர்த்தது. மேஸ்திரி பேசாவிட்டால் மகள் யாரிடம் பேசுவாள்?

"அப்பா, சாப்பிட்டீங்களா? மேஸ்திரிகிட்ட குடுங்க."

அவர் ஃபோனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். குரலைக் கீச்சென்று ஆக்கிக்கொண்டு, "என்ன பாக்குற? வேலையைப் பாரு!" என்றார்.

அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை.

"அப்பா."

"ம்."

"மேஸ்திரி இவ்ளோ பயந்துக்கிட்டுத் திட்டாது. என்னாச்சு?"

அவர் சொல்ல ஆரம்பித்தார். துருவைச் சுரண்டியது, பிரைமர், எனாமல், கவுன்டர்ப் பெண், காரட், நர்ஸ், எல்லாவற்றையும் சொன்னார். வாழ்நாளில் ஃபோனில் அவ்வளவு பேசியதில்லை. "நீ கேட்டியேன்னு ஆசையா அடிச்சேன். அதுவே விஷமாப் போச்சு" என்று முடித்தார்.

"நான் சும்மா சொன்னேன்பா." அவள் அழுதாள்.

"இது போயிடுச்சுன்னா…" என்றவர் நிறுத்தினார். பிறகு எப்படியோ கேட்டுவிட்டார். "நீ ஃபோன் பண்ணுவியா?"

அவள் பின்னால் பாத்திரங்கள் மோதும் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் மேஸ்திரிக்காகவா ஃபோன் பண்றேன்னு நெனச்சீங்க? உங்ககிட்ட என்ன பேசறதுன்னு தெரியலப்பா. அதான் அதைக் கேட்டேன்."

"எனக்கும்தாம்மா" என்றார் பெயின்டர்.

இருவரும் ஃபோனை வைக்கவில்லை. பேசவும் இல்லை. உள்ளே யாரோ அவளைக் கூப்பிடும்வரை அப்படியே இருந்தார்கள்.

புதன்கிழமை சாயங்காலம், நர்ஸ் வீட்டிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டு அவர் உள்ளே நுழைந்தபோது ஃபோன் அடித்தது. புதன்கிழமை அந்த ஃபோன் அடித்ததே இல்லை. மேஸ்திரி பெட்டியின் ஓரத்தில், விழுந்துவிடுவதுபோல ஆடிக்கொண்டு, ஆனாலும் நின்றுகொண்டிருந்தது.

"எப்படி இருக்கு?" என்றாள் மகள்.

"நிக்குது. தானாக் கொஞ்சம் கொத்துச்சாம், சிஸ்டர் சொன்னாங்க. சத்தம் இன்னும் வரலை. வருமோ என்னமோ."

"சரி. நீங்க எப்படிப்பா இருக்கீங்க?"

பெயின்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். பதில் சொல்லக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. அந்த வீட்டுக்குள் அப்படி ஒரு கேள்வி வந்து வெகுநாள் ஆகியிருந்தது.