பேட்டரி வேண்டாம்

சோலார் கம்பெனிக்காரன் எழுதிக் கொடுத்த விலையில் பாதி பேட்டரிக்கே போனது. ருக்மணி அந்த வரியை விரலால் மறைத்தாள்.

"இது வேணாம்."

"செஞ்சியில எல்லாரும் பேட்டரியோடதாம்மா போடறாங்க. ராத்திரி சமையலுக்கு இன்னா பண்ணுவீங்க?"

"நாங்க ஜைனருங்க. பொழுது சாஞ்சா இந்த வீட்டுல அடுப்பே எரியாது. கிரைண்டரு, மிக்சி, மோட்டாரு எல்லாம் வெயில்லயே ஓடி முடிஞ்சிரும். ஊரு பத்து மணிக்கு தோசை சுட்டா அதுக்கு நானா காசு கட்டணும்? ராத்திரி ஃபேனுக்கு ஈபி கரண்ட்டு போதும்."

"அதுவும் போனா?"

"வெறுந்தரையில படுத்துத் தூங்குவேன்."

அவன் மறுபடி ஆரம்பித்தான். வெயில் ராஜகிரிக் கோட்டைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. ருக்மணி தட்டை எடுத்து வைத்தாள்.

"நான் சாப்புடற நேரம் தாண்டப் போவுது. பேட்டரிய அடிச்சிட்டுக் குடு தம்பி. இல்லன்னா எழுந்து போ."

அவன் பேனாவைத் தேடினான்.